ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்

மாதிரி விமானத்தின் காற்றுவேக உணரி ஒரு சின்னச் சர்க்யூட் போர்டு. அதிலிருந்து இரண்டு சிலிக்கோன் குழாய்கள் பிட்டோ குழலுக்குச் செல்கின்றன. ஹென்றி பிட்டோ 1732இல் சென் ஆற்றின் ஓட்டத்தை அளக்கக் கண்டுபிடித்த குழலின் வழிவந்தது அது. முன்துளை எதிர்காற்றின் முழு அழுத்தத்தையும், பக்கத் துளைகள் சுற்றுப்புற அழுத்தத்தையும் வாங்குகின்றன. இவற்றின் வித்தியாசம் உணரிக்குள் ஒரு சிலிக்கான் சவ்வை வளைக்கிறது. அந்த வளைவு எண்ணாகி வெளியே வருகிறது.

திருப்பூர் வட்டாரத்தில் இதன் அருமை எளிதில் புரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக்காற்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் எதிர்த்து வீசும்போது, காற்றோடு ஒப்பிட 50 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு ஜிபிஎஸ் தரைவேகம் 20 என்று காட்டும். திரும்பினால் 80 என்று காட்டும். இறக்கையைத் தாங்குவதோ இரு திசையிலும் அந்த 50தான். 80ஐ நம்பி வேகத்தைக் குறைத்தால் விமானம் கீழே விழும்.

விவரக்குறிப்பு இல்லாமல் கைக்கு வந்த உணரியைப் படிப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மல்டிமீட்டரால் கிரவுண்டும் சப்ளையும் தெரியவரும். மற்ற இரண்டு ஒயர்களும் சும்மா இருக்கையில் உயர் மின்னழுத்தத்தில் நின்றால், பெரும்பாலும் அது ஐ2சி இணைப்பு. லாஜிக் அனலைசரில் ஒரு கோடு சீப்புப் பல்போல் சீராகத் துடிக்கும், அது கிளாக். மற்றது டேட்டா. பிறகு முகவரிகளை வரிசையாக அழைத்தால் ஒன்றிலிருந்து பதில் வரும்.

வந்த பைட்டுகளுக்குப் பொருள் காண்பதே இதில் சுவையான கட்டம். குழலுக்கு எதிரே மெல்ல ஊதினால் ஒரு பைட் வேகமாக மாறும், இன்னொன்று மெதுவாக நகரும். வேகமாக மாறுவது கீழ் பைட். ஈகிள் ட்ரீ உணரியை எடுத்துக்கொண்டால், அதன் முகவரி ஹெக்ஸ் 75. 07 என்ற கட்டளைக்கு அது 2 பைட் தரும், கீழ் பைட் முன்னால் வரும். பிஎக்ஸ்4 என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் இதை யாரும் படிக்கலாம்.

உணரி தரும் எண்ணைக் காற்றுவேகமாக மாற்றத் தண்ணீர் போதும். கண்ணாடிபோல் தெரியும் ஹோஸை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை உணரியோடு இணைக்க வேண்டும். இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே 1 செ.மீ. வித்தியாசம் என்றால் அழுத்தம் 98 பாஸ்கல். திருப்பூரின் வெப்பத்திலும் உயரத்திலும் அது மணிக்குச் சுமார் 47 கி.மீ. காற்றுவேகத்துக்குச் சமம். வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் நீர்மட்ட வித்தியாசம் 4 செ.மீ. ஆக வேண்டும், ஏனெனில் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. இரு திசையிலும் 1 பிஎஸ்ஐ வரை அளக்கும் எம்எஸ்4525டிஓ உணரியில் அந்த 1 செ.மீ.க்கு எண் சுமார் 93 நகரும்.

மறைந்திருக்கும் சூத்திரத்துக்கு இயற்கையே விடைத்தாளாக நிற்பதுதான் இந்தக் கலையின் அழகு. ஆனால் சூடேறினால் உணரியின் பூச்சிய அளவு நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும், குழலைக் காற்றுப் படாமல் மூடிப் பூச்சியத்தைச் சரிபார்ப்பது அவசியம்.