மலையமான் குதிரைக்கு ஒரே விளக்கு

சங்ககாலக் குறுநில மன்னரான மலையமான்களின் காசுக்கு இரண்டு பக்கமும் விளக்கு வைத்துப் படமெடுப்பவரைப் பார்த்தால், விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். ஒரு விளக்கு உண்டாக்கும் நிழலை இன்னொன்று அழித்துவிடும். காசில் பொறித்த, ஏற்கெனவே தேய்ந்துபோன குதிரைக்கு மிச்சம் இருப்பதே அந்த நிழல்தான். அதுவும் போனால் படத்தில் தெரிவது பச்சை படிந்த ஒரு சதுரத் தகடு மட்டுமே.

கள்ளக்குறிச்சி வட்டாரச் சேகரிப்பாளருக்கு இது முக்கியம். இங்கே கைக்கு வருபவை பளபளக்கும் வெள்ளி அல்ல. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தமிழ்நாட்டில் கிடைத்த பிற்கால ரோமச் செம்புக் காசுகளைப் பற்றி 1994இல் தனி நூலே எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மூன்று ஊர்கள் கரூர், மதுரை, இந்த வட்டாரத்துத் திருக்கோவிலூர். தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரில் கிடைத்த ரோமக் காசுகளில் பல, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் மன்னன் தலை, அதைச் சுற்றிப் பாதி வெட்டுப்பட்ட எழுத்து. மலையமான் காசுகளும் அதே ஊரைச் சேர்ந்தவை, அதே செம்பு. வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் புத்தம்புதிய வெள்ளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நம்மூர்ச் செம்பு மொழுமொழுவென்றுதான் விழும்.

கருவிக்குச் செலவு அதிகமில்லை. மரச்சிற்பத்துக்குப் பேர்போன கள்ளக்குறிச்சியில் பட்டறை ஓரம் கிடக்கும் கழிவு மரமே தாங்கிக்குப் போதும். கனமான பலகை அடியில், செங்குத்தாக ஒரு சட்டம், அதில் ஏறி இறங்கும் குறுக்குக் கட்டை, இறுக்கிப் பிடிக்க ஒரு போல்ட்டும் காதுநட்டும். செல்போனைக் குறுக்குக் கட்டையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டலாம். காசு இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, போனின் லென்ஸ் தன் பிம்பத்தைத் திரையின் நட்டநடுவே பார்க்கும்வரை கட்டையைச் சரிசெய்தால் கோணம் கச்சிதம். இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யும் விலையுயர்ந்த கருவி கிடையாது. காசைப் பேனா மூடியின் மேல் நிறுத்தி, கீழே கறுப்புத் துணி விரித்தால் பின்னணி தானாகவே கரைந்துவிடும். கிட்டே போனதும் தானாக அகலக்கோண லென்ஸுக்குத் தாவும் வசதியை அணைத்துவிட வேண்டும்; கொஞ்சம் தள்ளி நின்று இரட்டிப்பு ஜூமில் எடுப்பதே நல்லது. டைமர் மூன்று நொடி.

விளக்கு வைப்பதில்தான் ரசிகனின் தரம் தெரியும். வெளிச்சம் மேலிருந்து வருவதுதான் கண்ணுக்குப் பழக்கம். கீழிருந்து அடித்தால் புடைப்பெல்லாம் பள்ளமாகத் தெரியும்; குதிரை காசுக்குள் புதைந்துவிடும். ஒளி வரும் திசையிலேயே ஓடும் கோடு மறையும், அதற்குக் குறுக்கே ஓடும் கோடு எழும்பும். குதிரையின் கால்கள் நெட்டுக்குத்தானவை. அவற்றுக்குப் பக்கவாட்டு ஒளி வேண்டும். முதுகு படுக்கையாக ஓடுவது. அதற்கு உச்சியிலிருந்து ஒளி வேண்டும். கடிகார முகத்தில் பத்தரை மணி இருக்கும் திசையில், மேசை விளக்கைத் தாழ வைத்தால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்கும். மறுபக்கத்தில் வளைந்து ஓடும் ஆறும் மலையும் இருக்கின்றன. அதை மலையமான் நாட்டின் வரைபடமாகவே கண்டார் கிருஷ்ணமூர்த்தி. அந்த ஆறு எல்லாத் திசையிலும் திரும்புவதால் ஒரே படத்தில் அடங்காது. விளக்கை நகர்த்தி இரண்டு, மூன்று எடுக்க வேண்டும். காசைத் திருப்பிவிட்டுப் பிறகு படத்தை நேராக்குவது ஏமாற்று வேலை. வெளிச்சத்தின் திசையும் கூடவே திரும்பிவிடும். மலையமான் மன்னன் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர். அப்படிப் பெயர் பெற்ற குதிரைக்கு நான்கு காலும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக் கொடுக்கலாமே.

போட்டோ பிரேம் கண்ணாடியை நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து, ஒளியை லென்ஸின் வழியிலேயே இறக்கும் கட்சி ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டின் ‘பன்றி ரூபாய்’ கையில் இருந்தால் அவர்கள் சொல்வது சரி. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றிபோலத் தோன்றியதால் சர்ச்சையாகி மறு ஆண்டே திருத்தப்பட்ட காசு அது. தேயாத ரூபாயின் வழவழப்பான பரப்பு கண்ணாடிவழி ஒளியில் வெண்மையாக மின்னும். அதே முறையில் திருக்கோவிலூர்ச் செம்பு செத்துப்போகும். ஸ்கேனர் கட்சிக்கு அந்தச் சலுகைகூடத் தர முடியாது. புதிய மெல்லிய ஸ்கேனர்களில் கண்ணாடியைத் தொடும் இடம் தவிர மற்றதெல்லாம் மங்கும்.

நிறம் தனிச் சிக்கல். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் மேகம் மூடிய நாளில் கிடைக்கும் ஒளி செம்பின் பச்சையையும் பழுப்பையும் உள்ளது உள்ளபடி காட்டும். ஆனால் புடைப்பைத் தட்டையாக்கிவிடும். நிறத்துக்கு ஒன்று, வடிவத்துக்கு ஒன்று என இரண்டு படம் எடுப்பதே மரியாதை. அறைக்குள் எடுப்பதானால் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, வெண்மை அளவைக் காகிதத்தில் பார்க்காமல் குழாய் வேலைக்கான டெப்லான் டேப்பைச் சில மடிப்பாகச் சுற்றி அதில் பார்க்கலாம். அச்சுக் காகிதத்தில் வெளுப்பூட்டி கலந்திருப்பதால் அது நீலம் காட்டும்.

பிலிம் காலத்தில் சிறுநகர ஸ்டுடியோக்காரர்கள் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வளையம் மாட்டி, ஒரே பல்பு வைத்து, முப்பத்தாறு வாய்ப்பை எண்ணி எண்ணி எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் அச்சானாலும் காலெழுத்து, கொம்பெழுத்து தெரிந்தது. இப்போது வாட்ஸ்ஆப் ஏலங்களில் வரும் படங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. போனே கூர்மையாக்கிக்கொண்டு இல்லாத கோட்டை வரைகிறது. பின்னணியை வெட்டி எடுக்கும் செயலி காசின் ஓரத்தையும் சேர்த்துக் கடிக்கிறது. அதைவிடக் கொடுமை, படம் பளிச்சென்று வரட்டும் என்று புளி போட்டுத் தேய்ப்பது. பல நூற்றாண்டில் ஏறிய பச்சை ஐந்து நிமிடத்தில் போய், காசு நேற்று வார்த்த பித்தளைபோல நிற்கும். பெருவழுதி என்ற பாண்டிய மன்னன் பெயரைத் தேய்ந்த செம்புக் காசில் படித்தது யாரும் புளி போட்டுத் தேய்த்ததால் அல்ல.

எடையும் மில்லிமீட்டர் அளவும் சொல்லாமல், உள்ளங்கையில் வைத்து எடுத்த படத்தை அனுப்பி விலை கேட்பவருக்குப் பதில் எழுதுவதை மூத்த சேகரிப்பாளர்கள் பலர் நிறுத்திவிட்டார்கள். இரு பக்கமும், ஒரே விளக்கில், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு வந்தால் மட்டும் திறந்து பார்க்கிறார்கள்.