புல் முடிச்சு

கிறிஸ்துவால் 'பாறை' என்று பெயர் பெற்ற இராயப்பரின் பெயரைத் தாங்கிய நம் இராயபுரத்தில் ஏறிப் பார்க்க ஒரு குன்றும் இல்லை. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் எண்ணூர்ப் புகைபோக்கிகளுமே நமக்கு உயரங்கள். ஆகவே மலையை நாம் ஏட்டிலேதான் ஏறுகிறோம். அத்தகைய ஏடுகள் இரண்டைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

முதலாவது, இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்காவின் கடிதம். 1336 ஏப்ரல் 26 அன்று தம் தம்பி கெரார்தோவுடன் தென்பிரான்சின் வாந்தூ மலையில் ஏறியதை, அகுஸ்தினார் சபைத் துறவி ஒருவருக்கு அதில் விவரிக்கிறார். தம்பி மலைமுகட்டின் வழியே நேராக ஏறுகிறார். கவிஞரோ எளிய வழி தேடிப் பள்ளங்களில் அலைந்து களைக்கிறார். உச்சியில், கையோடு கொண்டு சென்ற அகுஸ்தினாரின் நூலைத் திறக்கிறார். மலைகளை வியப்போர் தம்மை மறக்கின்றனர் என்னும் கருத்து கண்ணில் படுகிறது. நாணி, வாய்பேசாது இறங்குகிறார். இக்கடிதம் அன்றிரவே எழுதப்பட்டதன்று, 1353-ஐ ஒட்டிப் புனையப்பட்டது என்பர் ஆய்வாளர். அது பெருங்குறையன்று. மலை என்றதும் உட்பொருள் தேடக் குருமடத்தில் பழகிய எங்களுக்கு இக்கடிதம் என்றும் இனிக்கும். என்னை உறுத்துவது வேறு. சகோதரருடன் ஆளுக்கொரு பணியாளும் ஏறினர். அவர்கள் எவ்வாறு ஏறினர், களைத்தனரா என்பதைக் கவிஞர் சொல்லவில்லை. இரவில் அவர் எழுத அமரும்போது உணவு சமைப்பவர்களாக மட்டும் அவர்கள் மீண்டும் தோன்றுகின்றனர்.

இரண்டாவது, நம் பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். இதில் வரும் நவிரமலையைத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலை என்று அறிஞர் கொள்வர். அங்கே இன்றும் இரும்புக் கம்பியையும் சங்கிலியையும் பற்றித்தான் செங்குத்துப் பாறைகளைக் கடக்க வேண்டும்.

கூத்தன் வருணனையில் மயங்கி நிற்பவன் அல்லன். பாசி வழுக்கும் இடத்தில் சிறுமூங்கிலைப் பற்றிக்கொள்ளுங்கள் என்கிறான். தினைப்புனம் காப்போர் யானைமேல் எறியும் கவண்கல் பறந்துவரும், மரத்தின் மறைவில் ஒதுங்குங்கள் என்கிறான். கோத்த கையை விடாமல் மெல்ல நடக்கச் சொல்கிறான். இருட்டினால் குகையில் தங்கச் சொல்கிறான். முழவும் யாழும் சுமந்து வருவோர் ஒவ்வொருவரும் அவன் கண்ணில் இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் என்னை நிறுத்திய இடம் ஒன்றுண்டு. வழி பிரியும் இடத்தைத் துடைத்து, அடையாளமாகப் புல்லை முடிந்துவையுங்கள் என்கிறான். இதை யாரிடம் சொல்கிறான்? வழி அறிந்தவரிடம் அன்று, அம்மலைக்கே புதியவர்களிடம்! தாமே தடுமாறி வருபவர்கள், பின்வருவோர்க்கு வழிகாட்டிகளாகிறார்கள்.

பரிசில் வேட்கையும் மன்னன் புகழும் இப்பாட்டில் மிகுதி என்பதை மறுக்கவில்லை. அகுஸ்தினார் எழுப்பிய வினா இதில் எழவே இல்லை. அவ்வளவில் பெத்ரார்க்காவின் கடிதம் ஆழமானது. ஆயினும் தியான உரைகளில் அக்கடிதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 1889-இல் உ.வே. சாமிநாதையர் அச்சேற்றித் தந்த இந்தப் பாட்டை, நம் மேடைகளில் எவரும் எடுத்தாண்டு நான் கேட்டதில்லை.