வந்தாளா, போனாளா?

ஓர் ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே எழுதியது: 'ஷி ஸ்லிப்ட் அவுட் ஆஃப் தி ஸ்டேஷன், கட் அக்ராஸ் பஃபலோ ரோட் அண்ட் டக்ட் இன்டு தேக்கா.' லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து தேக்கா சந்தைக்கு ஒரு பெண் போகிறாள். அவ்வளவுதான் விஷயம். (கவனித்தீர்களா, நான் 'போகிறாள்' என்று சொல்லிவிட்டேன். ஆங்கில வாக்கியம் அப்படி எதுவும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.)

இதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் இறக்கினால் என்ன ஆகும்? 'அவள் நிலையத்தின் வெளியே நழுவினாள், பஃபலோ சாலையின் குறுக்கே வெட்டினாள், தேக்காவுக்குள் குனிந்தாள்.' நடுரோட்டில் பள்ளம் வெட்டிவிட்டு, சந்தைக்குள் கீழே விழுந்த காசைத் தேடுகிற பெண்ணாக ஆகிவிடுகிறாள்.

ஏன் இப்படி? ஆங்கிலத்தில் ஸ்லிப்ட், கட், டக்ட் போன்ற இறந்தகால வினைகள் எப்படி நகர்ந்தாள் என்பதை மட்டும் சொல்கின்றன. எந்தத் திசையில் என்பதை அவுட், அக்ராஸ், இன்டு என்ற குட்டிச் சொற்கள் பார்த்துக்கொள்கின்றன. அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி 1985ல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில் இந்தக் குட்டிச் சொற்களுக்கு 'சாட்டிலைட்' என்று பெயர் வைத்தார். வினையைச் சுற்றி வரும் துணைக்கோள்கள். ஸ்பானிஷ் போன்ற மொழிகளில் திசை வினைக்குள்ளேயே இருக்கும். தமிழும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். நுழை, புகு, ஏறு, இறங்கு, கட, தாண்டு எல்லாமே திசையை வயிற்றில் வைத்திருக்கும் வினைகள். எப்படி நகர்ந்தாள் என்பதை நாம் வினையெச்சத்தில் ஏற்றிவிடுவோம்: நழுவி, ஓடி, தவழ்ந்து.

டால்மிக்குப் பிறகு டான் ஸ்லோபின் இதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். மெர்சர் மேயர் 1969ல் வெளியிட்ட, சொற்களே இல்லாத தவளைப் படக்கதையைப் பல மொழிக்காரர்களிடம் கொடுத்து அவரும் சகாக்களும் கதை சொல்லச் சொன்னார்கள். பின்னர் 'தி ஹாபிட்' நாவலின் ஒரே அத்தியாயம் பல மொழிகளில் எப்படிப் பெயர்க்கப்பட்டிருக்கிறது என்றும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஸ்பானிஷ் வகை மொழிகளுக்குப் போகும்போது நகர்வின் விதம் மெலிந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. ஆங்கிலத்தில் ஆயிரம் விதமாக நடக்கும் பாத்திரம், பெயர்ப்பில் வெறுமனே வெளியேறும், உள்ளே நுழையும்.

நம் மொழிபெயர்ப்புகளைப் பற்றிப் பேசும்போதும் இந்த இழப்பைத்தான் சொல்வோம். எனக்கோ அதைவிடப் பெரியதாகத் தெரிவது, தமிழ் கூடுதலாகக் கேட்கும் ஒரு கேள்வி. 'ஷி வாக்ட் அவுட்.' தமிழில் சாதாரணமாகச் சொல்லுங்கள். வெளியே நடந்து வந்தாளா, நடந்து போனாளா? கதைசொல்லி வாசலுக்கு வெளியே நிற்கிறானா, உள்ளேயே இருக்கிறானா? ஆங்கிலத்திலும் கேம், வென்ட் உண்டு. அவையும் இதே கேள்வியைக் கேட்கும். ஆனால் வாக்ட், ரான், ஸ்லிப்ட் என்று எழுதும் எழுத்தாளர் பதில் சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம். நமக்கு அந்தச் சலுகை குறைவு. 'வெளியேறினாள்' என்று எழுதித் தப்பிக்கலாம்தான். யார் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? அது செய்தி வாசிப்பின் தமிழ். பேச்சுக்குப் பக்கத்தில் வர ஆரம்பித்ததுமே வா, போ இரண்டில் ஒன்று வாசலில் வந்து நின்றுவிடும்.

இது பழைய சங்கதி. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் வருதல், தருதல் என்ற இரண்டையும் தன்மைக்கும் முன்னிலைக்கும் ஒதுக்குகிறது. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. என்னை நோக்கியோ உன்னை நோக்கியோ நகர்ந்தால் 'வா'. அவரை நோக்கி என்றால் 'செல்'. திசையை வீட்டையோ தெருவையோ வைத்து அளக்காமல், பேசுகிற இருவரை வைத்து அளந்த இலக்கணம் அது. சிங்கப்பூரில் நம் பக்கத்து வீட்டு மாண்டரினும் இதில் நமக்கு உறவு. ஓடி, வெளிப்பட்டு என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் 'லாய்' (வா) அல்லது 'ச்யூ' (போ) என்று பெரும்பாலும் முடிக்கும்.

சரி, இதனால் இலக்கியத்துக்கு என்ன? வேலை பார்த்த வீட்டிலிருந்து ஒரு பணிப்பெண் தப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஷி ரான் அவே.' முதலாளியம்மா சொன்னால், 'ஓடிப்போயிட்டா.' அதில் ஒரு வசையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அடைக்கலம் கொடுத்த தோழி சொன்னால், 'ஓடி வந்துட்டா.' செயல் ஒன்றுதான். எழுத்தாளர் எந்த வினையைத் தேர்கிறாரோ அந்த வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலக் கதையை வைத்து வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்த முடிவை மூலம் எடுத்துத் தராது. கதை முழுவதையும் படித்து அவரேதான் எடுக்க வேண்டும். அகராதியில் கிடைக்காத விமர்சன வேலை அது.

இப்போது வரும் கதைகளில் என்னை உறுத்துவது இரண்டு விஷயங்கள். ஒன்று, 'அவள் அறைக்குள் நடந்தாள்' வகை வாக்கியம். 'வாக்ட் இன்டு' என்பதன் நிழல். தமிழில் அதன் பொருள், அவள் ஏற்கெனவே அறைக்குள் இருந்தாள், அங்கேயே உலாவினாள் என்பது. நுழைந்த கணம் காணாமல் போய்விடுகிறது. மொழிபெயர்ப்பில் மட்டுமில்லை, ஆங்கிலத்தில் அதிகம் வாசிக்கும் நம் தலைமுறை நேரடியாகத் தமிழில் எழுதும் கதைகளிலும் இது வருகிறது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. சிங்கப்பூரில் பிறந்த கதைசொல்லி, தேக்காவில் உட்கார்ந்துகொண்டு, 'என் தாத்தா சிங்கப்பூருக்குச் சென்றார்' என்கிறான். எங்கே நின்று பேசுகிறான் இவன்? நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கையசைத்துக்கொண்டா? தாத்தா இங்கே 'வந்தார்' அல்லவா? 'மூவ்ட் டு சிங்கப்பூர்' என்று ஆங்கிலம் நடுநிலையாகச் சொல்வதைப் பாடநூல் தமிழில் போட்டால் கிடைப்பதுதான் அந்தச் 'சென்றார்'. ஊரில் விட்டுவந்த மனைவியின் பார்வையில் எழுதினால் அதே சொல் நெஞ்சை அறுக்கும். பேரனின் வாயில் அது காலியாக நிற்கிறது.

பேச்சில் நாம் இதைத் தவறவிடுவதே இல்லை. 'இந்தியாவுக்குப் போயிட்டு வந்தோம்' என்று சிராங்கூன் சாலைக் கடையில் ஒருவர் சொன்னால், வீடு எது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. விடைபெறும்போது 'போறேன்' என்று சொல்லாமல் 'வர்றேன்' என்கிறோம். கிளம்பும்போதே திரும்புதலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். 1887ல் சிங்கை நேசன் வெளிவந்த காலத்திலிருந்து பார்த்தாலும் இந்த ஊரில் தமிழ் எழுத்துக்கு வயது 130ஐத் தாண்டிவிட்டது. இது புலம்பெயர் இலக்கியமா, இந்த மண்ணின் இலக்கியமா என்று கருத்தரங்குகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பதில் கதைகளின் வினைச்சொற்களிலேயே கிடக்கிறது.

எதிர்த்திசையிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். 2008ல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்ற கனகலதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்' தொகுப்பின் கதைகள் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழில் ஒவ்வொரு 'வந்து', 'போய்' மீதும் பென்சிலால் கோடு போடுங்கள். ஆங்கிலத்தில் அவை எங்கே நிற்கின்றன, எங்கே ஓர் 'அவுட்'டிலோ 'ஆஃப்'பிலோ கரைந்துவிடுகின்றன என்று பாருங்கள்.

அடுத்த முறை உங்கள் கதையில் யாராவது ஒரு கதவைத் தாண்டும்போது, அந்த வாக்கியத்தில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். கதைசொல்லி கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், வினை தானாக வரும்.