புஷ்பக்: வானத்தில் சாது, தரையில் பிடிவாதம்

ஊரறிந்த விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வி.எம். காட்கே தலைமையில் ஹெச்.ஏ.எல். வடிவமைத்து, 1958-ல் முதன்முதலாகப் பறந்த விமானம். 90 குதிரைத்திறன் இன்ஜின், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள், துணி போர்த்திய இறக்கை. ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே இதில்தான் கற்றது. நம்மவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த விமானம்.

மேலே போய்விட்டால் சொன்னபடி கேட்கும். பல வாரங்கள் பழகியும் என்னை வாட்டியது, காற்றடிக்கும்போது இதைத் தரையில் உருட்டுவதுதான். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு கொஞ்சம் விலகினாலும் வால் முந்தப் பார்க்கும். உடனே ரட்டரை (வால் சுக்கானை) மிதித்துத் திருத்தாவிட்டால் வண்டி சுழன்று, இறக்கை நுனி தரையில் உரசிவிடும். பக்கக்காற்று வாலைத் தள்ளினால் இன்னும் மோசம்.

இன்னொன்று, வால் தாழ்ந்து நிற்பதால் இறக்கை எப்போதும் காற்றை ஏந்தியபடியே இருக்கும். இது பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் மணிக்குச் சுமார் 60 கி.மீ. எதிரே 30 கி.மீ. வேகத்தில் ஒரு வீச்சு வந்தாலே எடையில் கால்பங்கு சக்கரங்களை விட்டுப் போய்விடும். முழுச் சுமையான 600 சொச்சம் கிலோவில் அது 150 கிலோ!

நான் திண்டுக்கல்காரன். ஒட்டன்சத்திரம் சாலையில் ஆடிக்காற்றில் பைக் ஓட்டியவர்களுக்குக் காற்றுப் பக்கம் சாய்வது தானாக வரும். எதிர்க்காற்றில் இங்கும் அதே கதைதான்: காற்று வரும் பக்கத்து இறக்கையின் எய்லரானை உயர்த்தி, வாலிலுள்ள எலிவேட்டரையும் மேலே வைத்து வாலை அழுத்த வேண்டும். பின்பக்கவாட்டிலிருந்து அடித்தால் எல்லாம் தலைகீழ். அந்தப் பக்கத்து எய்லரானும் எலிவேட்டரும் கீழே இறங்க வேண்டும். இல்லையென்றால் காற்று வாலுக்கு அடியில் புகுந்து தூக்கிவிடும். வளைவில் திரும்பும் ஒவ்வொரு முறையும் இதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை அசந்தால் போச்சு.

சக்கரம் தரையைத் தொட்டதுமே காலைத் தளர்த்துபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேகம் குறையக் குறைய ரட்டரின் பிடியும் குறைகிறது. அப்போதுதான் கால் அதிகம் உழைக்க வேண்டும். இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கயிறு கட்டும்வரை இறங்கியதாகக் கணக்கில்லை.

வாய்ப்புக் கிடைத்தால் இதில் கட்டாயம் பழகுங்கள். காலுக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. ஆனால் காற்று வீச்சு வீச்சாக அடிக்கும் நாளில், இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆள் இல்லாமல் கொட்டகையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.