கேள்வியும் கொலைஞனும்

2022ஆம் ஆண்டு மற் றீவ்ஸின் நெறியாள்கையில் வெளிவந்த 'தி பற்மன்', வௌவால் வேடமணிந்த வீரனின் பழங்கதையைப் புதிதாகத் தொடங்கிய அமெரிக்கப் படம். பெற்றோர் கொலையுண்ட காட்சியை மீண்டும் காட்டாது, வீரனைத் துப்பறிவோனாக்கியமை அதன் முதற் சிறப்பு. அவனுடைய தந்தையாகிய செல்வந்தர் அறிவித்த நூறு கோடி டொலர் நகரப் புனரமைப்பு நிதியைக் கொள்ளைக்கூட்டத்தாரும் அதிகாரிகளும் சூறையாடியதை வெளிப்படுத்தியமை அதனினும் பெருஞ் சிறப்பு.

குளிர்காலந்தோறும் குழந்தையொன்று மடிந்த அநாதை விடுதியில் வளர்ந்தவனே படத்தின் கொலைஞன். மாளிகையில் வாழ்ந்த அநாதைக்கு இரங்கிய உலகம் தன்போன்றோரை மறந்ததேன் என்பதே அவன் குமுறல். அக்குமுறல் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம்.

படம் தடுமாறுவதும் இவ்விடத்திலேதான். கேள்வி கேட்டவனை, கடற்சுவரைத் தகர்த்து நகரையே மூழ்கடிக்கும் பித்தனாக்கி, அவனோடு கேள்வியையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. ஏறத்தாழ மூன்று மணிநேரப் படத்தில் ஏழை மக்கள் வெறும் நிழல்களாகவே வந்து போகின்றனர்.

பழிவாங்கல் தீர்வாகாது என உணர்ந்த வீரன், இறுதியில் வெள்ளத்தினூடே சுடரேந்தி மக்களுக்கு வழிகாட்டுகிறான். உள்ளத்தைத் தொடும் காட்சி அது. ஆயினும், கொள்ளைக்கு இடமளித்த சமூக அமைப்பைப் படம் ஆராயவில்லை; தீயோர் சிலர் ஒழிந்து நல்லோர் சிலர் வந்தாற் போதும் என அமைதி கொள்கிறது. அதன் துணிவைப் பாராட்டுகிறோம். மக்களை மீட்கப்பட வேண்டியோராக மட்டுமே காணும் அதன் முடிவை நாம் ஏற்பதற்கில்லை.