விற்கப்போகும் வீட்டுக்கு வெள்ளை

பழைய ஓட்டு வீட்டை விற்க முடிவெடுத்ததும் பலர் முதலில் பெயின்ட் கடைக்குத்தான் போகிறார்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் என் மனம் அதற்கு ஒப்பாது. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். பிளாஸ்டிக் பெயின்ட் அந்த வழியை அடைத்துவிடும். மழைக்காலம் வந்தால் கொப்புளம் கிளம்பிப் பொருக்குப் பொருக்காக உதிரும்.

வெள்ளையடிப்பது எவ்வளவு அழகான வேலை! கிளிஞ்சல் சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் புகைந்து கொதிக்கும். ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, பசையும் துளி நீலமும் சேர்ப்பார்கள். மட்டையால் இழுக்கும்போது சுவர் மங்கிக் கிடக்கும். பழைய கறைகள்கூடத் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பகீரென்றிருக்கும். காயக் காயத்தான் வெண்மை ஏறும். பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிவிடும். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது.

ரெட் ஆக்சைடு தரைக்கு அதிகம் வேண்டாம். சுத்தமாகத் துடைத்து, துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். பல வருடம் கால் பட்டு வந்த வழவழப்பை எந்தப் புது டைல்ஸாலும் தர முடியாது.

ஓட்டில் ஒழுகல் இருந்தால் வெள்ளையடிப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். வாங்க வருகிறவர் கொத்தனாரையும் கூட்டி வருவார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தே ஓதத்தைச் சொல்லிவிடுவார். மறைப்பதைவிட, எங்கே எதை மாற்றினோம் என்று நாமே காட்டிவிடுவதுதான் மரியாதை.