தன்னம்பிக்கை என்கிற சொல்லாடல்

முரளிகாந்த் பேட்கரின் வாழ்க்கையை வைத்து 2024இல் 'சந்து சாம்பியன்' என்ற இந்திப் படம் வந்தது. அதன் பிறகு அவரது கதையைப் பலரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம். விழுந்தவன் எழுந்தான், எழவைத்தது மன உறுதி. இப்படி முடிகிற வாசிப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

மன உறுதியை நான் மறுக்கவில்லை. அது எதன் மேல் நின்றது என்று கேட்கிறேன். அடிபட்டவரைத் தாங்க ராணுவம் இருந்தது, மாதக்கணக்கில் படுத்திருக்க அதன் மருத்துவமனை இருந்தது. சிகிச்சையின் பகுதியாகத்தான் நீச்சலுக்கே வந்தார். பாராலிம்பிக்கின் பிறப்பும் இப்படித்தான். 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் வில்வித்தைப் போட்டி நடத்தினார். கலந்துகொண்ட 16 பேரும் போரில் காயம்பட்டவர்கள். தனக்காக உடைந்த உடலைத் தேசம் செப்பனிடுகிறது. சரி, மற்ற உடல்கள்?

எங்கள் திருவையாற்றுப் பக்கம் ஊருக்கு ஊர் கபடி உண்டு. ஆடுகிற பையன் நெல் மூட்டை தூக்குகிறவனாகவோ தென்னை ஏறுகிறவனாகவோ இருப்பான். பெரும்பாலும் நிலமில்லாதவன். ஆட்டத்திலோ மரத்திலிருந்தோ விழுந்து தண்டுவடம் போனால், ஆஸ்பத்திரிக்கு அப்புறம் அவனுக்குத் திண்ணைதான். சக்கர நாற்காலி கிடைத்தாலும் வரப்பில் ஓடாது. ஐந்து ஆறுகளால் பெயர் பெற்ற ஊர், தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் படித்துறை என்றாலே படிதானே? பேட்கரை நீந்தவைத்ததில் தண்ணீருக்கு எவ்வளவு பங்கோ, அதுவரைக்கும் போட்டிருந்த வழிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அந்த வழியைப் பேசாமல் 'மனசு வச்சா எதுவும் முடியும்' என்று சொல்லும்போது, திண்ணையில் கிடக்கிறவனிடம் 'நீ மனசு வைக்கலை' என்று சொல்லிவிடுகிறோம். இந்தச் சொல்லாடலின் அதிகாரம் இங்கேதான் செயல்படுகிறது. அரசையும் ஊரையும் பொறுப்பிலிருந்து கழற்றிவிட்டு, முழுச் சுமையையும் அடிபட்ட உடலின் மேலேயே ஏற்றுகிறது.

ஜெயித்தவரையாவது நாடு நினைவில் வைத்ததா? ஒலிம்பிக்கில் தனிநபராக இந்தியா வென்ற முதல் தங்கம் 2008இல், அபினவ் பிந்த்ராவுடையது. பேட்கரின் பாராலிம்பிக் தங்கம் அதற்கும் 36 ஆண்டு மூத்தது. பத்மஸ்ரீ 2018இல் வந்தது. அர்ஜுனா விருது 2025 ஜனவரியில், அவரது 80ஆவது வயதில். படம் வந்த பிறகு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 30ஆம் பிரிவில், அவர்கள் விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வதை அரசின் கடமை என்கிறது. கருணையோ பாராட்டோ அதில் இல்லை. பதக்கம் வாங்கியவருக்குப் பேனர் கட்டுகிற இளைஞர் மன்றங்கள், ஆற்றங்கரையில் ஒரு சரிவுப் பாதை கேட்டு மனுப் போடட்டும். பேட்கரின் கதையை நம் ஊரில் எப்படி வாசிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இது.